118 கிலோ, ஆறடி மூன்று அங்குலம்: இந்த உடம்புக்கு எந்த ரோடு சைக்கிள்?

கேள்வி: கொருக்குப்பேட்டை வாசகர், 2024 ஜூன் 9

வயது 29. உயரம் 6 அடி 3 அங்குலம், எடை 118 கிலோ. வீடு கொருக்குப்பேட்டை, வேலை மணலி. பள்ளி முடித்தபின் சைக்கிளைத் தொட்டதில்லை. வளைந்த ஹேண்டில்பார் வைத்த ரோடு சைக்கிள் வாங்க ஆசை. கையில் 60,000 ரூபாய் இருக்கிறது. இரண்டு கடைகளில் பார்த்தேன். ‘எல்’ சைஸ்தான் இருக்கிறது, சீட்டை ஏற்றிக்கொள்ளலாம் என்கிறார்கள். ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “உங்களுக்கு எம்டிபிதான் சார் சரி” என்றார், தடித்த டயர் போட்ட மலைப்பாதைச் சைக்கிளை. என் எடையைத் தாங்குகிற ரோடு சைக்கிள் உண்டா, இல்லையா? ‘முதலில் உடம்பைக் குறை’ என்று எழுத நினைப்பவர்கள் தயவுசெய்து இந்த மன்றத்தில் வேறு இழைக்குப் போகவும்.

பதில்: தண்டையார்பேட்டைக்காரர், 2024 ஜூன் 9, இரவு 9.40

உண்டு. நான் 6 அடி 2 அங்குலம். இன்று காலை எடை 109. ஒரு காலத்தில் 124 இருந்தேன், அப்போதும் ஓட்டினேன். தண்டையார்பேட்டையில் இருந்துகொண்டு பதினொரு வருடத்தில் மூன்று சைக்கிள்களைப் பார்த்துவிட்டேன். முதலாவதன் பிரேம் விரிசல் விட்டது. இரண்டாவதன் பின்சக்கரம் ஒரே வருடத்தில் ஐந்து கம்பிகளைப் பறிகொடுத்தது. மூன்றாவதில் இன்று காலைகூட எண்ணூர் போய் வந்தேன். ஆகவே நான் சொல்வதில் பாதி படித்தது, பாதி பட்டது.

பிரேமை உயரத்துக்கு வாங்குங்கள், சக்கரத்தை எடைக்கு வாங்குங்கள். சைக்கிள் எத்தனை கிலோ என்று கேட்கவே கேட்காதீர்கள். கடைக்காரர் ஒற்றை விரலில் தூக்கிக் காட்டுவார், மயங்க வேண்டாம். ஒன்பது கிலோ சைக்கிளுக்கும் பதினொரு கிலோ சைக்கிளுக்கும் நடுவே இருபது, முப்பதாயிரம் ரூபாய் உட்கார்ந்திருக்கும். அந்த இரண்டு கிலோவை நீங்களும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிரியாணியில் ஏற்றிக்கொண்டு செவ்வாய்க்கிழமைக்குள் இறக்கிவிடுவோம்.

எம்டிபி சொன்னவர்மீது கோபம் வேண்டாம். அவர் டயரின் தடிமனைப் பார்த்திருக்கிறார், அதில் நியாயம் உண்டு. ஆனால் முன்போர்க்கில் ஸ்பிரிங் வைத்த மலிவு வண்டியில் நம்மைப் போன்றவர்கள் எழுந்து நின்று மிதித்தால் கட்டிலில் குதிக்கிற குழந்தைபோல வண்டி ஆடும். மணலிக்குப் போவதற்குள் முழங்கால் பேசத் தொடங்கிவிடும்.

அதே இரவு, 11.15

தூக்கம் வரவில்லை. ‘சீட்டை ஏற்றிக்கொள்ளலாம்’ என்ற அந்த வரி உறுத்துகிறது. என்னிடமும் அதையேதான் சொன்னார்கள்.

2013இல் வாங்கிய முதல் சைக்கிள் 56 சைஸ், அலுமினியம். எனக்கு 60 வேண்டும். சீட்டைத் தாங்குகிற குழாயில் குறுக்கே சின்னதாக ஒரு கோடு பொறித்திருப்பார்கள். அந்தக் கோடு பிரேமுக்குள் மறைந்திருக்க வேண்டும். என்னுடையது ஒரு விரற்கடை வெளியே நின்றது. உள்ளே இருக்கிற நீளம் குறைவு, வெளியே இருக்கிற நீளம் அதிகம், நுனியில் நூற்றுச் சொச்சம் கிலோ. கடப்பாரையைப் பள்ளத்தில் நட்டு மேலே ஏறி உட்கார்ந்ததற்குச் சமம். எட்டு மாதம் கழித்து ஒரு கிறீச் சத்தம் வந்தது. சீட்டுத் தோல் என்று நினைத்து எண்ணெய் விட்டேன். பிறகு செயினுக்கு விட்டேன். ஒரு நாள் துடைக்கும்போது, கிளாம்புக்குக் கீழே பிரேமின் பின்பக்கம் மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு. துணியால் துடைத்தேன், போகவில்லை. நகத்தால் சுரண்டினேன், நகம் அதில் மாட்டியது.

கம்பெனி உத்தரவாதம் தர மறுத்தது. கோடு வெளியே இருந்ததற்கான தேய்மானத் தடம் குழாயிலேயே இருந்தது. விற்றவர் ‘நான் அப்படிச் சொல்லவே இல்லையே சார்’ என்றார்.

2024 ஜூன் 10

உள்கால் அளவு எடுப்பது எப்படி என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். செருப்பில்லாமல் சுவரை ஒட்டி நிமிர்ந்து நில்லுங்கள். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவே வைத்து, சீட்டில் உட்கார்ந்தால் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவு மேலே இழுங்கள். புத்தகத்தின் மேல்விளிம்பு சுவரைத் தொடுகிற இடத்தில் பென்சில் கோடு. தரையிலிருந்து அந்தக் கோடு வரை அளந்தால் முடிந்தது. தையற்காரர் பேண்டுக்கு எடுக்கும் உள்ளளவைக் கொண்டுவராதீர்கள், அது குறைவாகத்தான் வரும்.

எனக்கு 90 சென்டிமீட்டர். அதை 0.883ஆல் பெருக்கினால் சீட்டு உயரம் 79.5. டூர் டி பிரான்ஸை மூன்று முறை வென்ற அமெரிக்கர் கிரெக் லெமாண்ட் பெயரில் புழங்குகிற கணக்கு இது.

சைஸ் எழுத்துகளை நம்பாதீர்கள். ஒரு கம்பெனியின் ‘எல்’ இன்னொரு கம்பெனிக்கு ‘எம்’. இணையத்தில் பிரேம் அளவு அட்டவணை இருக்கும். அதில் ‘ஸ்டேக்’ என்ற எண்ணைப் பாருங்கள். பெடல் சுற்றுகிற நடு அச்சிலிருந்து ஹேண்டில் கழுத்தின் மேல்முனை வரை உள்ள செங்குத்து உயரம் அது. நம் உயரத்துக்கு 600 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுங்கள். குறைந்த ஸ்டேக்கில் குனிந்தால் முதலில் மறிப்பது தொப்பைதான். தொடை ஒவ்வொரு சுற்றுக்கும் அதில் போய் முட்டும். மெலிந்தவர்கள் எழுதுகிற விமர்சனங்களில் இந்த விஷயம் வராது.

2024 ஜூன் 12

பெரம்பூர்க்காரர் ஒருவர், ‘இரும்பு பிரேம் தவிர எதுவும் நிற்காது, அலுமினியம் அப்பளம்’ என்கிறார். ஐயா, என் அலுமினியம் விரிசல் விட்டது என் முட்டாள்தனத்தால். அளவு சரியாக இருந்திருந்தால் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும். குரோமோலி எஃகு நல்லதுதான், என் மூன்றாவது அதுதான். ஆனால் நம் எடையில் முதலில் படுப்பது பிரேம் இல்லை, பின்சக்கரம்.

கடையில் நிற்கிற ரோடு சைக்கிளின் கம்பிகளை எண்ணிப் பாருங்கள். முன்னால் 20, பின்னால் 24 என்று வைத்திருப்பார்கள். பார்க்க அழகு. எழுபது கிலோ ஆளுக்குச் சரி. ஓட்டுகிறவரும் சைக்கிளும் சேர்ந்த எடையில் ஏறக்குறைய அறுபது சதவீதம் பின்சக்கரத்தில் இறங்குகிறது. 118 கிலோ ஆள், 12 கிலோ சைக்கிள், ஆக 130. பின்சக்கரத்துக்கு மட்டும் 78. நமக்குப் பின்னால் 32 கம்பி குறைந்தபட்சம். 36 கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். கையேட்டில் எடை வரம்பைத் தேடிப் படியுங்கள். என்னிடம் இருந்த ஒன்றில் 125 கிலோ என்று போட்டிருந்தது. அடியில் சின்ன எழுத்தில், சைக்கிளையும் பையையும் சேர்த்து என்று இருந்தது. வாங்கி ஒரு வருடம் கழித்துப் படித்தேன்.

முறிவது எப்போதும் பின்சக்கரத்தின் வலப்பக்கக் கம்பிகள்தான். பல்சக்கரத்துக்கு இடம்விட்டு அந்தப் பக்கக் கம்பிகள் நிமிர்ந்து நிற்பதால் இறுக்கம் அதிகம்.

2024 ஜூன் 13

திருத்தம். 79.5 என்பது தரையிலிருந்து இல்லை, பெடல் சுற்றுகிற நடு அச்சிலிருந்து சீட்டின் மேல்மட்டம் வரை. ஒருவர் தரையிலிருந்து அளந்து சீட்டை இறக்கிவிட்டு, ‘முழங்கால் தாடையில் இடிக்கிறது’ என்று எழுதியிருக்கிறார். மன்னியுங்கள்.

2024 ஜூன் 16

அப்பா ஹார்பரில் வேலை செய்தவர். அவருடைய டபுள்பார் ஹெர்குலிஸ் இன்னும் மாடிப்படிக்கு அடியில் நிற்கிறது. நான் குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்ட வண்டி. அம்பத்தூரில் செய்தது. 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸிலிருந்து 1951இல் முதல் ஹெர்குலிஸ் வெளிவந்தது. இது அதற்கு வெகு பின்னால் வந்த வண்டி.

இன்று தூசி தட்டிக் கம்பிகளை எண்ணினேன். முன்னால் 32. பின்னால் எண்ணி 38 வந்தது, நம்பாமல் வால்வில் விரலை வைத்து மறுபடி எண்ணினேன். 40. பழைய இங்கிலாந்து வழக்கம் அது. பின்னால்தான் பாரம் என்று தெரிந்தவர்கள் அங்கே எட்டுக் கம்பி கூடுதலாகப் போட்டார்கள். அந்தக் கேரியரில் அப்பா ஐம்பது கிலோ அரிசி மூட்டையைக் கட்டி, முன்பாரில் என்னையும் வைத்துக்கொண்டு மிதித்திருக்கிறார். காசிமேட்டிலிருந்து ஐஸ் போட்ட மீன் கூடையைக் கட்டிக்கொண்டு போனவர்களின் வண்டியும் இதேதான். ‘என் எடையைத் தாங்கும் சைக்கிள் உண்டா’ என்று கேட்டீர்களே தம்பி, நம் தெருவில் எப்போதோ ஓடிக்கொண்டிருந்தது.

இதற்கு ரோடு டயர் மாட்டலாமா என்று யாரும் கேட்டுவிடாதீர்கள், நான் முயன்றாயிற்று. டபுள்பார் வண்டியின் ரிம்மில் டயர் உட்காருகிற இடத்தின் விட்டம் 635 மில்லிமீட்டர், ரோடு சைக்கிளுக்கு 622. பதின்மூன்று மில்லிமீட்டர் பாக்கி. டயரை இழுத்து இழுத்துக் கட்டைவிரல் நகம் போனதுதான் மிச்சம்.

2024 ஜூன் 23

இரண்டாவது சைக்கிளின் ஐந்தாவது கம்பி முறிந்தபோது சக்கரம் பின்னுகிற பாயிடம் என்னை அனுப்பியவர் ஒரு பஞ்சர் கடைக்காரர். பாய்க்கு அப்போதே எழுபதை ஒட்டிய வயது. கடைக்குப் பலகை கிடையாது. பழைய போர்க் ஒன்றைக் கவிழ்த்து பெஞ்சில் ஆணியடித்திருப்பார், கோட்டம் எடுப்பது அதில்தான்.

விலை உயர்ந்த சக்கரம் என்று பெருமையாக நீட்டினேன். வாங்கிச் சுழற்றினார். ரிம் ஆடவில்லை, நேராகத்தான் ஓடியது. “கோட்டம் இல்லையே பாய், பிறகு ஏன் முறிகிறது?” என்றேன். பதில் சொல்லாமல், கம்பியை இறுக்குகிற நிப்பிள் சாவியின் முனையால் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்தார். ணிங், ணிங், டொக், ணிங், டொக். டொக் என்றதற்கெல்லாம் சாக்பீஸில் புள்ளி வைத்தார். ஒரு சுற்று முடிவதற்குள் ஒன்பது புள்ளிகள்.

கீழே கிடந்த முறிந்த கம்பித் துண்டை என் கையில் கொடுத்து, “இழு, அறுக்க முடிகிறதா பார்” என்றார். முடியாது என்றேன். “மடக்கு. நிமிர்த்து. மடக்கு.” ஏழெட்டு முறை மடக்கியதும் சூடேறித் துண்டாகிவிட்டது. அவ்வளவுதான் பாடம். பிறகு டீ சொன்னார்.

வீட்டுக்கு வந்துதான் விளங்கியது. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது தரைக்கு நேர்மேலே வருகிற கம்பிகள் நம் எடையால் சற்றுத் தளர்கின்றன, தாண்டியதும் பழையபடி இறுகுகின்றன. போதிய இறுக்கம் இருக்கிற கம்பி அந்தத் தளர்ச்சியிலும் விறைப்பாக நிற்கும். தளர்ந்த கம்பி, சக்கரத்தின் நடுவில் இருக்கிற ஹப்பில் வளைந்து நுழைகிற முழங்கையில் ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் மடங்கி நிமிரும். 28 மில்லிமீட்டர் அகல ரோடு டயருக்குக் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 470 சுற்று. எண்ணூர் போய் வர முப்பது கிலோமீட்டர் என்றால் 14,000 முறை. என் கையில் ஏழெட்டு முறைக்கே போன கம்பி பெருங்கோணத்தில் மடங்கியது. இது நூலளவு மடங்குவதால் சில மாதம் உயிரோடு இருக்கிறது.

பாய் மூன்றாவது சைக்கிளுக்கு முழுச்சக்கரமும் பின்னிக் கொடுத்தார். 36 கம்பி, ஒவ்வொன்றும் மூன்றைக் குறுக்கே தாண்டுகிற பின்னல். இறுக்கி முடித்தபின் அடுத்தடுத்த கம்பிகளை இரண்டிரண்டாகக் கைப்பிடியில் சேர்த்து நெரித்தார், எலுமிச்சம்பழம் பிழிவதுபோல. கம்பிகள் மொறுக் மொறுக்கென்று சத்தம் போட்டு உட்கார்ந்தன. மறுபடி சாவி, மறுபடி நெரிப்பு. நான்கு முறை. இதுவரை ஒன்றும் போகவில்லை.

2024 ஜூன் 24

‘முறிவது எப்போதும் வலப்பக்கம்’ என்று பன்னிரண்டாம் தேதி அடித்துச் சொல்லியிருந்தேன். பாய் கதையை எழுதிவிட்டுப் படுத்தபோதே இடித்தது: இறுக்கம் கொல்லாது என்றால் இறுக்கமான பக்கம் ஏன் முறிய வேண்டும்? முறிந்த கம்பிகளைப் பவுடர் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன் (ஏன் என்று வீட்டிலும் கேட்டுவிட்டார்கள்). பின்சக்கரத்தில் வலப்பக்கக் கம்பி இடப்பக்கத்தைவிட ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குட்டை. ஸ்கேல் வைத்து அளந்தேன். ஐந்தில் நான்கு நெட்டை, அதாவது இடப்பக்கம். இறுக்கம் குறைந்த பக்கம். பன்னிரண்டாம் தேதிக் குறிப்பின் கடைசி வரிகளை அடித்துவிட்டுப் படியுங்கள்.

இன்னொரு திருத்தம், ‘ஒன்றும் போகவில்லை’ என்றேனே, அதற்கு. போன மார்ச்சில் செயின் பெரிய பல்லைத் தாண்டி உள்ளே விழுந்து ஒரு வலப்பக்கக் கம்பியை அறுத்துக் கீறிவிட்டது. பாய் ஊரில் இல்லை. பாரிமுனைப் பக்கம் ஒரு கம்பி வாங்கி, பல்சக்கரத்தைக் கழற்றி நானே மாற்றினேன். ணிங் என்றுதான் சொல்கிறது. அந்த ஒரு கம்பியை வந்தவர்களுக்கெல்லாம் காட்டியிருக்கிறேன்.

2024 ஜூலை 2

‘உடம்பைக் குறைத்தால் எந்தச் சைக்கிளும் தாங்கும்’ என்று ஒருவர் எழுதியே விட்டார். முதல் பதிவின் கடைசி வரியைப் படிக்கவில்லை போலிருக்கிறது. நீந்தக் கற்றபின் தண்ணீரில் இறங்கு என்கிற அறிவுரை.

2024 ஜூலை 14

டயர். 23, 25 மில்லிமீட்டர் அகலம் எல்லாம் மறந்துவிடுங்கள். பிரேமும் போர்க்கும் 32க்கு இடம் தருகின்றனவா என்று வாங்குமுன் கேளுங்கள், 35 என்றால் இன்னும் நல்லது. டயரின் பக்கவாட்டில் 32-622 என்று அச்சிட்டிருக்கும். முதல் எண் அகலம், அடுத்தது நான் நகத்தைப் பறிகொடுத்த அதே விட்டம். 109 கிலோவுக்கு நான் பின்னால் 85 பிஎஸ்ஐ, முன்னால் 65 வைக்கிறேன். உங்களுக்கு இன்னும் ஐந்து கூட்டலாம், ஆனால் டயரிலும் ரிம்மிலும் போட்டிருக்கிற உச்ச அளவைத் தாண்டாதீர்கள். காற்றுக் குறைந்தால் பள்ளத்தில் விழும்போது ரிம் டியூபைத் தரையோடு வைத்துக் கடிக்கும். டியூபில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை, பாம்புக்கடி போல. ஆகவே வாராவாரம் காற்றடியுங்கள். அளவு காட்டுகிற நின்று அடிக்கும் பம்பு ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

நம் பகுதிக்கே உரிய சங்கடம் ஒன்று உண்டு. எண்ணூர் விரைவுச்சாலையிலும் மணலிச் சாலையிலும் கண்டெய்னர் டிரெய்லர்களின் டயர் வெடித்துக் கிடக்கும். அந்த ரப்பருக்குள்ளிருந்து உதிர்கிற எஃகு நூல் தலைமுடி தடிமன்தான். டயரில் குத்தினால் வெளியே தெரியாது. டியூபை மாற்றுவீர்கள், இரண்டு கிலோமீட்டரில் மறுபடி இறங்கும். டயரின் உட்பக்கத்தில் பஞ்சை வைத்துத் தேய்த்துக்கொண்டே போனால் ஓரிடத்தில் பஞ்சு சிக்கும், அங்கேதான். விரலால் பிடிபடாது, சாமணம் வேண்டும். என் பையில் மூன்று வருடமாக வீட்டம்மாவின் சாமணம் இருக்கிறது. அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

2024 ஆகஸ்ட் 4

பிரேக்: டிஸ்க். மழையில் ரிம் பிரேக் பிடிக்குமுன் ரிம்மில் இருக்கிற தண்ணீரைத் துடைக்க வேண்டும், அந்த ஒரு நொடியில் 130 கிலோ எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. கேபிள் வைத்த டிஸ்க் போதும், ரோட்டார், அதாவது டிஸ்க் தட்டு, 160 மில்லிமீட்டர். ஒரு விஷயம்: டிஸ்க் என்றால் பிரேக் விசை கம்பிகள் வழியாகத்தான் ரிம்முக்குப் போகிறது, ஆகவே முன்சக்கரத்திலும் கம்பி குறுக்கே பின்னியிருக்க வேண்டும்.

கியர்: பல்சக்கரங்களில் முன்னால் 50, 34 பல், பின்னால் 11 முதல் 32 பல் வரை. வடசென்னையில் மலை கிடையாது. மேம்பாலங்கள்தான் நமக்கு மலை, மின்ட் மேம்பாலமும் எர்ணாவூரும். கியரைப் பற்றி இவ்வளவு போதும்.

மேம்பாலத்திலிருந்து இறங்கும்போது பெரிய பிரேம் சைக்கிள் சில சமயம் தானாக நடுங்கும். முதன்முறை உயிரே போய்விடும். ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தால் கூடும். சீட்டிலிருந்து எடையைச் சற்றுத் தூக்கி, ஒரு முழங்காலை மேல்பாரில் அழுத்துங்கள், அடங்கிவிடும்.

2024 ஆகஸ்ட் 18

சீட்டு அகலம் கேட்டவருக்கு: டிவி வந்த அட்டைப்பெட்டியிலிருந்து ஒரு துண்டு வெட்டி, கெட்டியான படிக்கட்டில் போட்டு, முன்னால் குனிந்து இரண்டு நிமிடம் உட்காருங்கள். எழுந்தால் இரண்டு குழிகள் இருக்கும். நடுவிலிருந்து நடுவுக்கு அளந்து இரண்டு சென்டிமீட்டர் கூட்டுங்கள். பெரிய உடம்பு என்றால் அகல சீட்டு என்று நினைத்து சோபா போன்ற ஒன்றை வாங்கினேன். தொடை உரசித் தோல் வழன்றது. எலும்பு எவ்வளவு அகலமோ அதற்குத்தான் சீட்டு, சதைக்கு இல்லை.

பஞ்சு வைத்த அரைக்கால் சட்டை போட வெட்கமாக இருக்கிறது என்று தனிச்செய்தி அனுப்பியிருக்கிறார் கொருக்குப்பேட்டைத் தம்பி. எனக்கும் இருந்தது. மேலே லுங்கி கட்டிக்கொண்டு மூன்று மாடி இறங்கி, கீழே அவிழ்த்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பியவன் நான். காசிமேட்டில் பையன்கள் ‘கிரேன் வருகிறது பார்’ என்று கத்துவார்கள். ஆறு மாதத்தில் அவர்களுக்கே சலித்துவிட்டது.

2024 அக்டோபர் 20

மழை தொடங்கிவிட்டது. கடல் உப்பைப் பற்றி எழுத மறந்துவிட்டேன். கரையோரம் ஓட்டுகிறவர்களுக்கு அலுமினிய நிப்பிள் ஆகாது. எஃகுக் கம்பியோடு ஒட்டி அரித்துப்போய், சாவி வைத்ததும் பொடியாக உதிரும். பித்தளைதான். சில கிராம் கூடும், கூடட்டும். கம்பி துருப்பிடிக்காத எஃகு, நடுவில் மெலிந்த வகை: இரு முனையும் 2 மில்லிமீட்டர், நடு 1.8. மெலிந்த கம்பி வலுவானது என்றால் யாரும் நம்புவதில்லை. நடுப்பகுதி ரப்பர்போலச் சற்று நீண்டு கொடுப்பதால் முழங்கையில் அடி விழுவதில்லை. சீட்டுக் குழாய்க்கு கிரீஸ் தடவாமல் விட்டால் அடுத்த வருடம் பிரேமோடு ஒன்றாகிவிடும்.

கொருக்குப்பேட்டை வாசகர், 2024 நவம்பர் 10

வாங்கிவிட்டேன் அண்ணா. பெங்களூரில் ஒருவர் விற்றது, பழையது, குரோமோலி, 61 சைஸ், டிஸ்க். 36,000 ரூபாய். ஸ்டேக் 618. சீட்டுக் குழாயின் கோடு நான்கு விரற்கடை உள்ளே இருக்கிறது. அதோடு வந்த 24 கம்பிச் சக்கரத்தை அவரே திருப்பி எடுத்துக்கொண்டார். பாயிடம் 36 கம்பியில் இரண்டு சக்கரம் சொல்லியிருக்கிறேன். என்னைப் பார்த்துவிட்டு, “உட்கார்” என்றார், ஸ்டூலை இரண்டு முறை தட்டிப் பார்த்துவிட்டு.

2024 நவம்பர் 11

ஸ்டூல் என்னையும் தாங்கியது, பயப்பட வேண்டாம். நூறு கிலோமீட்டர் ஓடியதும் சக்கரத்தை அவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். மணலிச் சாலையில் ஆறு மணிக்கு முன்னால் போய்விடுங்கள், அதற்குப் பிறகு டிரெய்லர் வரிசைதான்.

2025 பிப்ரவரி 2

இழையை முதலிலிருந்து படித்தேன். ‘சைக்கிள் எத்தனை கிலோ என்று கேட்கவே கேட்காதீர்கள்’ என்று வீரமாக எழுதியிருக்கிறேன். எழுதும்போது வண்டி வீட்டுக்கடியில் நின்றது. போன மாதம் பக்கத்து பிளாக்கில் ஒன்று திருடு போனதிலிருந்து தினமும் மூன்று மாடி தூக்குகிறேன். பூட்டு, விளக்கு, மட்கார்டு, தண்ணீர் எல்லாம் சேர்த்து 14.6 கிலோ, மளிகைக்கடைத் தராசில் தொங்கவிட்டுப் பார்த்தேன். லிப்ட் இல்லாத குடியிருப்பில் மேல்மாடியில் இருப்பவர்கள் எடையைக் கேளுங்கள். மற்றவர்கள் கேட்க வேண்டாம்.

2025 செப்டம்பர் 28

புதிதாக வாங்க நினைப்பவர்களுக்கு: இந்த மாதம் 22ஆம் தேதி முதல் சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகியிருக்கிறது. பழைய விலைச்சீட்டைக் காட்டினால் கேளுங்கள். மிச்சமாவதைச் சக்கரத்தில் போடுங்கள்.

2025 அக்டோபர் 5

இன்று தம்பியும் நானும் மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் பழவேற்காடு. போய் வர நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். அவருக்கு முதல் நூறு. ஏரிக்கரையில் இறால் வடை தின்றோம், டச்சுக் கல்லறையைப் பார்த்தோம், வெயில் ஏறுமுன் திரும்பினோம்.

பொன்னேரி தாண்டியதும் பட்டென்று ஒரு சத்தம். 120 கிலோ இருக்கிற தம்பியின் சக்கரமாகத்தான் இருக்கும் என்று திரும்பிப் பார்த்தேன். அவரும் என் சக்கரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால், வலப்பக்கம், ஒரு கம்பி. (ஜூன் 12 குறிப்பை அடித்ததற்குப் பழி வாங்குகிறது.) முறிந்ததைப் பக்கத்துக் கம்பியோடு சுற்றிவிட்டுச் சுழற்றிப் பார்த்தேன். ரிம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆடியது. 36இல் ஒன்று போனால் இந்த அளவுதான் ஆடும். டிஸ்க் என்பதால் பிரேக்கிலும் உரசவில்லை. முப்பது கிலோமீட்டருக்கு மேல் அப்படியே மிதித்து வீடு சேர்ந்தேன். பழைய 24 கம்பிச் சக்கரமாக இருந்திருந்தால் பொன்னேரியிலிருந்து மின்சார ரயில்தான்.

மாலையில் பாயிடம் எடுத்துப் போனேன். பல்சக்கரத்தைக் கழற்றி, ஹப்பில் மாட்டியிருந்த முறிந்த தலையைச் சாவி முனையால் வெளியே தட்டினார். உள்ளங்கையில் வைத்து, பல்புக்கு நேரே பிடித்து, கம்பித் தலையில் பொறித்திருந்த எழுத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“இது நான் போட்ட கம்பி இல்லையே தம்பி.”